சுண்ணாம்புக் காரையும் நம் பழைய வீடுகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றவுடன் மன்னர்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது நம் வீட்டுச் சுவர். அதிலும் அதன் மேல்தோலாகிய காரைப் பூச்சு.

நம் மஹல்லாவில் அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. மங்களூர் ஓடு வேய்ந்தவை சில, மட்டப்பா போட்டவை சில. ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் சுவர் எழுப்பிய அவ்வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு உப்பிப் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கைபட்டால் மாவாக உதிர்கிறது. பெருநாளுக்கு முன் கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசுகிறோம். பட்டி பார்த்து, விலை உயர்ந்த எமல்ஷன் அடிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும் அதே இடத்தில், சில வீடுகளில் அதற்கும் ஓரடி மேலே, மறுபடியும் பொரிகிறது. இவ்வாறு மூன்று நான்கு முறை செலவழித்துச் சலித்தவர்கள் "இனி இடித்துக் கட்டுவதே மேல்" என்ற முடிவுக்கு வருகின்றனர். இடிப்பது அவரவர் உரிமை. ஆனால் நோய் எது, மருந்து எது என்று அறியாமல் நல்ல வீட்டை இடிப்பது வருந்தத்தக்கது. அதை அறிய வேண்டுமானால் அந்தச் சுவரைக் கட்டியவர்கள் எதைக் கொண்டு கட்டினார்கள் என்ற வரலாற்றுக்குள் சற்று நுழைய வேண்டும்.

நம் ஊர்ப் பெயரிலேயே காரை இருக்கிறது என்று இளைஞர்கள் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஊர்ப் பெயரில் உள்ளது காரைச் செடி என்றும், காரை மண்டிய நீர்மடை காரமடை ஆயிற்று என்றும் பெரியோர் சொல்வர். சுவரில் பூசும் காரை வேறு. எனினும் அந்தக் காரைக்கு வேண்டிய மூலப்பொருள் நம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

சுக்கான் கல்லும் காளவாயும்

கோவை வட்டாரத்துக் கரிசல் காட்டில் கிணறு வெட்டியவர்களுக்குச் சுக்கான் கல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கருமண்ணுக்குக் கீழே முண்டும் முடிச்சுமாக, சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறத்தில் கிடக்கும் அது, களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லேயாகும். உழவர்க்கு அது தொல்லை; கொத்தர்க்கோ செல்வம். அதைப் பொறுக்கி, காளவாயில் கரியோடு அடுக்கடுக்காக இட்டுச் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்தால் காரை கிடைக்கும்.

இதன் இயல்பு எளிமையானது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசிய பின், காற்றிலுள்ள அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்து மீண்டும் கல்லாக இறுகுகிறது. கல்லாய்ப் பிறந்து, தூளாகி, மறுபடி கல்லாவது அதன் வாழ்க்கை. இந்த இறுக்கம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் செல்லும் என்பது துறையினர் சொல்லும் கணக்கு. ஆகவே காரைப் பூச்சு முழுமையாக இறுக ஓராண்டு பிடித்தாலும் வியப்பில்லை. அவசரக்காரர்களுக்கு ஏற்ற பொருளன்று அது.

சுக்கான் கல்லில் களிமண் கலந்திருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. தூய வெண்சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும். களிமண் கலந்த கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். 1750களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியாளர், கடலலையைத் தாங்கும் சாந்தைத் தேடிப் பல கற்களைச் சோதித்து இவ்வுண்மையைக் கண்டறிந்தார் என்பர். நம் பகுதிக் கொத்தர்கள் சோதனைச்சாலை இல்லாமலே அதைக் கையாண்டு வந்தனர். கட்டடச் சுண்ணாம்பை வகைப்படுத்தும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 712, சுக்கான் சுண்ணாம்பைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது.

சுக்கான் கிடைக்காத இடத்தில் செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கித் தூளைச் சேர்த்தனர். இத்தாலியின் பொசுவோலியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சேர்த்து ரோமானியர் பெற்ற பயனை நம்மவர் செங்கல் தூளால் பெற்றனர்.

மதராஸ் சுண்ணத்தின் புகழ்

சுண்ணாம்புப் பூச்சில் தமிழகம் உலகப் புகழ் பெற்றிருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்புவார்களா என்பது ஐயமே. 1730களில் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மதராஸில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறை என்பதே அதன் பொருள். அனுப்பியவர் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக். மணல், சுண்ணாம்பு இவற்றோடு வெல்லக் கரைசலும், பயறு வேகவைத்த கஞ்சியும், கடுக்காய்ச் சாறும் சேர்க்க வேண்டும் என்றும், மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் நெய்யும் மோரும் வேண்டும் என்றும் அதில் காணப்படுகிறது. எழுத்தறியாத கொத்தர்களின் கைப்பக்குவத்தை, ஐரோப்பாவின் தலைசிறந்த அறிவியல் சங்கம் அச்சிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்தச் சேர்மானங்கள் குறித்துப் பலவகைக் கதைகள் உலவுகின்றன. "அந்தக் காலத்தில் சுவர் முழுவதும் முட்டையால் கட்டினார்கள்" என்று பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது மிகை. முட்டையின் வெள்ளைக் கரு பளபளப்பு வேண்டிய கடைசி மெல்லிய பூச்சுக்கே உரியது. அடிப்பூச்சில் உண்மையாக வேலை செய்பவை வெல்லமும் கடுக்காயும்தான். இவற்றைப் பல நாள் ஊறவைத்து நொதிக்கவிட்ட நீரில் சாந்தைக் குழைத்தால் குழைவு கூடுகிறது, வெடிப்புக் குறைகிறது, இறுக்கமும் சீராகிறது. நொதித்தலில் உண்டாகும் கரியமில வாயுவும் காரை இறுகத் துணைசெய்கிறது என்பதை வேலூர் வி.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் சோதித்து எழுதியுள்ளனர்.

மதுரையில் 1636ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் மஹாலின் பெருந்தூண்களைப் பார்த்தவர்கள் அவை கருங்கல் என்றே எண்ணுவர். உள்ளே இருப்பது கட்டுவேலை. வெளியே தெரியும் வழவழப்பு சுண்ணாம்பின் கைவேலை. சிதைந்து கிடந்த அம்மஹாலை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஹம்மாம் எனப்படும் குளியலறைகளுக்கு இதேபோல் சுண்ணாம்பு பூசி, வழுக்குக் கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பால் மெருகேற்றுவர். ததலாக்த் என்பது அதன் பெயர். நீர் புழங்கும் அறைக்கே சுண்ணாம்பைப் பூசினார்கள் என்பது நாம் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

சிமெண்டு வந்த கதை

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதைச் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்து, நிலைக்காமல் போயிற்று. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி நிலைபெற்றது. நமக்கு அண்மையில், சுண்ணாம்புக் கல் நிறைந்த மதுக்கரையில் 1934இல் ஆலை எழுந்தது. 1936இல் பல நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஏ.சி.சி. ஆனபோது மதுக்கரை ஆலையும் அதன் குடையின்கீழ் வந்தது.

நமக்கு முப்பது மைல் தொலைவுக்குள் சிமெண்டு ஆலை இருந்தும், நம் பகுதி வீடுகள் உடனே சிமெண்டுக்கு மாறிவிடவில்லை. காரணம், சிமெண்டின் விலையும் வினியோகமும் நெடுங்காலம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. பர்மிட்டுக்காக அலுவலகப் படியேறிய நினைவு மூத்த ஜமாஅத்தார்கள் பலருக்கு இருக்கும். 1982இல் கட்டுப்பாடு பகுதியளவு தளர்ந்தது. 1989இல் முழுமையாக நீங்கியது. அதன்பின் சிமெண்டு மூட்டை மூலைக்கடை வரை வந்துவிட்டது. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சாந்து அரைக்கும் வட்டத்தில் மாடு சுற்றிய காட்சி மறைந்தது. ஒரே தலைமுறையில், சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குத் தடவுவது என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

சிமெண்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கான்கிரீட்டுத் தூணும் தளமும் சிமெண்டின்றி இல்லை. இன்றைய வீட்டுக்கு அது பொருத்தமானதே. சிக்கல் எழுவது பழைய சுவரில் புதிய பொருளை ஒட்டும்போதுதான்.

பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்குக் கிடையாது. திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் நிலத்தின் ஈரத்தை இழுக்கும். அதோடு மண்ணிலுள்ள உப்பும் மேலே ஏறும். காரைப் பூச்சும் வெள்ளையடிப்பும் நுண்துளைகள் நிறைந்தவை. ஆதலால் ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போகும். உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், துடைத்துவிட்டால் போதும். சிமெண்டுப் பூச்சும் எமல்ஷனும் அந்த வாயிலை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட ஈரம் வெளியேற வழிதேடி இன்னும் மேலே ஏறுகிறது. உப்புப் படிகம் பூச்சுக்குப் பின்னால் வளர்ந்து அதைத் தள்ளுகிறது. சிமெண்டோ கடினமானது, பின்னால் உள்ள செங்கல்லும் மண்சாந்தும் மென்மையானவை. ஆகவே சிமெண்டு விழும்போது தனியே விழாமல் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. ஒவ்வொரு முறை சிமெண்டு பூசும்போதும் நோய் ஓரடி மேலே ஏறுவதன் காரணம் இதுவே.

பெரிய கட்டடங்கள் கற்ற பாடம்

இப்பாடத்தை வீட்டுக்காரர் மட்டுமல்ல, அரசுகளும் கற்க நேர்ந்தது. டில்லியில் ஹுமாயூன் பாதுஷாவின் கல்லறை மாடத்தின் கூரையில், இருபதாம் நூற்றாண்டில் ஒழுக்கை அடைப்பதாகக் கருதி அடுக்கடுக்காகக் கான்கிரீட்டுப் போட்டிருந்தனர். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து மேற்கொண்டு 2013இல் முடித்த சீரமைப்பில், அக்கூரையிலிருந்து கைக்கருவிகளால் பெயர்த்து இறக்கிய கான்கிரீட்டு மட்டும் பத்து இலட்சம் கிலோவுக்கு மேல். அதை எடுத்த பிறகே சுண்ணாம்புப் பணி தொடங்க முடிந்தது. மருந்தென்று போட்டதே நோயாகி நின்றதற்கு இதைவிடப் பெரிய சான்று நாம் அறியவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னைச் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களுக்காக 1768இல் எழுந்தது அது. கலசமஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள். 1855இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தபின் கம்பெனியார் நவாப் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போயிற்று. பின்னர் அது அலுவலகங்களாகி, தடுப்புகளும் கோப்பு அலமாரிகளும் நிறைந்து, தன் முகத்தையே இழந்து நின்றது.

2012 ஜனவரி 16ஆம் நாள் கலசமஹாலில் பெருந்தீ மூண்டது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். மரத் தூலங்களில் தங்கிய கூரைகள் இடிந்து விழுந்தன. எஞ்சிய சுவர்களை இடித்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஆயினும் தீ தின்றது கூரையைத்தான். இருநூற்று நாற்பது ஆண்டுச் சுண்ணாம்புச் சுவர்கள் நின்றன. பொதுப்பணித் துறை பழுதுபார்ப்பதென்று முடிவு செய்தபோது, சிமெண்டு மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை சுண்ணாம்பு நீற்றக் கற்க வேண்டியதாயிற்று. சாந்து அரைக்கும் எந்திரம் கொண்டுவரப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் தொட்டிகளில் ஊறின. செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை மறுபடி போடப்பட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அக்கலசமஹாலில்தான் இயங்குகிறது. கூரையிழந்து செடி முளைத்துக் கிடந்த ஹுமாயூன் மஹாலும் அதே முறையில் பழுதுபார்க்கப்பட்டது. இடிக்கலாமா என்று பேசப்பட்ட கட்டடம் நீதிமன்றமாயிற்று என்பதை, நம் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சலிப்படைவோர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் வீட்டில் செய்யத்தக்கவை

அரண்மனைக்கு அரசு செலவழிக்கும். நம் வீட்டுக்கு யார் தருவார் என்ற கேள்வி நியாயமானதே. வீடு முழுவதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை.

பூச்சைத் தொடுமுன் நீர் வரும் வழியைத் தேடுதல் வேண்டும். உடைந்த ஓடு, அடைபட்ட தாழ்வாரத் தகரம், சுவரோரம் தேங்கும் குளியலறைத் தண்ணீர், தெரு மட்டம் உயர்ந்து தாழ்ந்துபோன வாசல் இவற்றில் ஒன்றாவது இருக்கும். சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் நம் வாசல் ஓரங்குலம் தாழ்கிறது என்பதை நாம் யாரும் கணக்கில் கொள்வதில்லை. சுவரையொட்டிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தால், ஈரம் போகும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

அதன்பின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான ஓசை வந்தால் அந்தப் பூச்சை விட்டுவிடலாம். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் பெயர்த்தால் போதும். முழுச் சுவரையும் கொத்தித் தள்ளச் சொல்லும் கொத்தனாரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்ல வேண்டும். முன்பு பூசிய சிமெண்டு பிடிப்பற்று நிற்கும் இடங்களில் அதை மெல்ல எடுத்துவிட்டு, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, உப்பைத் தூரிகையால் உலர்ந்தபடியே துடைத்து அள்ள வேண்டும். கழுவினால் உப்பு மீண்டும் உள்ளேதான் போகும். சில வாரங்கள் சுவரைத் திறந்தபடி உலரவிடுதல் நலம். வீட்டில் திருமணம், விருந்து என்றால் இதுதான் கடினம். பார்ப்பவர் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

பூசும் நாளில் சுவரை நன்கு நனைத்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல் என்ற அளவில் அரைத்த சாந்தை, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல், இரண்டு அல்லது மூன்று அடுக்காகப் பூசலாம். ஈரமான அடிச்சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் சுர்க்கித் தூள் சேர்ப்பது நல்லது. வெயில் நேரே படாமல் சாக்குத் திரை கட்டி, ஒரு வாரமேனும் நீர் தெளித்துவர வேண்டும். விரைவில் இறுகட்டும் என்று கைப்பிடி சிமெண்டைக் கலக்கும் வழக்கம் சில கொத்தனார்களிடம் உண்டு. மரபுக் கட்டடப் பணியில் தேர்ந்தவர்கள் அதை ஏற்பதில்லை. கருஞ்சுண்ணாம்புச் சாந்து கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இன்றி வேலையாட்களை விடக்கூடாது. குழந்தைகளை அருகில் அண்டவிடக்கூடாது.

வண்ணத்துக்குப் பழைய வெள்ளையடிப்பே போதுமானது. பொங்கலுக்கு அண்டை வீட்டார் அடிப்பார்கள், பெருநாளுக்கு நாம் அடிப்போம். மட்டையும் வாளியும் தெருவில் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. பால்போல் நீர்த்த சுண்ணாம்பை, நனைத்த சுவரில் மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே முறை அடித்தால் சட்டையில் ஒட்டும். பலரும் வெள்ளையடிப்பை வெறுத்ததற்கு இதுவே காரணம். வெண்மை கண்ணைக் கூசினால் சிறிது நீலம், செம்மை வேண்டினால் காவி.

பழைய எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டுவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு; அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்று அரிது. கூலியும் நாட்கணக்கும் சிமெண்டு வேலையைவிடக் கூடுதலே. ஆகவே நம் ஜமாஅத்தில் பழைய வீடு வைத்திருப்போர் நாலைந்து பேர் கூடி ஒரே சமயத்தில் ஆளை அழைப்பது சிக்கனமாகும். ஒருமுறை ஊறவைத்த கடுக்காய் நீரும் நீற்றிய சுண்ணாம்பும் பல வீட்டுக்குப் பயன்படும்; நீற்றிய தூய வெண்சுண்ணாம்பு நீருக்கடியில் மூடிக் கிடக்கக் கிடக்கத் தரம் கூடுமே தவிரக் கெடாது. மழை முடிந்து தையில் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் அரபி மதரஸா மாணவர்களைப் போன்ற இளைஞர்களையும் அருகில் நிற்க வைத்துச் செய்து பார்க்கலாம். அடுத்த கார்த்திகை மழைக்குப் பிறகு, சிமெண்டு பூசிய பக்கத்துச் சுவரையும் இதையும் ஒருசேரத் தட்டிப் பார்த்துவிட்டு மற்ற சுவர்களைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம்.